லடாக்கில் சொகுசு லாட்ஜ்: முன்பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

பதிவு 1: கரிசல்காடு

செப்டம்பர் முதல் வாரம், லே விமான நிலையத்தில் இறங்கி 6 இரவுகள். நான்கு பேர்: அப்பா 66 (பி.பி. மாத்திரை எடுக்கிறார்), அம்மா 61, நான், 9 வயது மகள். அலைச்சல் வேண்டாம், நல்ல லாட்ஜாகப் பார்த்து நிம்மதியாகத் தங்க வேண்டும். ஏஜென்ட் கொடுத்த திட்டம்: லே 1 இரவு, நுப்ராவில் சொகுசுக் கூடாரம் 2, பாங்காங் ஏரிக்கரை காட்டேஜ் 2, லே 1. படமெல்லாம் பிரமாதமாக இருக்கிறது. முன்பணம் கட்டலாமா?

பதிவு 2: வடக்குவண்டி

கட்டாதீர்கள். லாட்ஜைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வரிசையைச் சரி செய்யுங்கள்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சென்னையில் கிளம்பி, டெல்லி மாறி, மறுநாள் காலை அந்த உயரத்தில் நிற்கிறீர்கள். ஒரே இரவு கழித்து, நுப்ரா போகும் வழியில் 5,359 மீட்டரில் உள்ள கர்துங் லா கணவாயைத் தாண்டுவது, அதுவும் 66 வயதில், தேவையில்லாத சூதாட்டம். உடம்பு பழகுவதற்கு முன் மேலே ஏறினால் ஆக்சிஜன் குறைவால் உயர நோய் வரலாம்: தலைவலியில் தொடங்கி மூளை, நுரையீரல் வரை பாதிக்கும். (கணவாய்ப் பலகையில் நீண்டகாலமாக இருந்த 18,380 அடி, அதாவது சுமார் 5,600 மீட்டர், என்ற கணக்கு தவறு. சரியான உயரமே போதுமான உயரம்தான்.)

பொது விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஒவ்வொரு இரவும் தூங்கும் இடத்தின் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. பகலில் ஏறி இறங்குவது வேறு, இரவு தூங்கும் உயரம்தான் கணக்கு. நுப்ராவில் டிஸ்கிட், ஹுண்டர் சுமார் 3,100. பாங்காங் சுமார் 4,225. அதாவது ஒரே நாளில் 1,100 மீட்டர் தாவல். ஏஜென்ட் திட்டத்தில் இரண்டாவது சிக்கல் இது.

பதிவு 3: கரிசல்காடு

அப்படியென்றால் விமான நிலையத்திலிருந்து நேராக நுப்ரா போய்விடலாமா? லேயைவிட அது தாழ்வு என்கிறீர்களே.

பதிவு 4: வடக்குவண்டி

பலர் விழும் குழி இது. நுப்ரா தாழ்வுதான், ஆனால் வாசல்படி 5,359 மீட்டரில் இருக்கிறது. முதல் நாளே அதைத் தாண்டும்போது வண்டி நடுவழியில் பனியிலோ நெரிசலிலோ நின்றுவிட்டால் மேலே மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

அதே யோசனையைச் சரியான திசையில் செய்யுங்கள். விமான நிலையத்திலிருந்து மேற்கே, ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் ஷாம் எனப்படும் தாழ்வான சிந்துப் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்குங்கள். நிம்மு சுமார் 35 கி.மீ., ஆல்ச்சி சுமார் 65 கி.மீ. இரண்டும் 3,100 மீட்டரை ஒட்டியவை, நடுவில் பெரிய கணவாய் கிடையாது. சிந்து நதிக்கரையோரம், ஆப்ரிகாட் தோட்டங்களுக்கு நடுவே நல்ல தங்குமிடங்கள் அங்கே உண்டு. முதல் 2 இரவு அங்கே, மூன்றாவது லே, நான்கும் ஐந்தும் நுப்ரா, ஆறாவது மறுபடி லே. பாங்காங்கை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

பதிவு 5: ஏரிப்பைத்தியம்

பாங்காங்கை விடச் சொல்வதை ஏற்க முடியாது. லடாக் வரை போய் அந்த நீலத்தைப் பார்க்காமல் வருவதா? பாங்காங் போகும் கூட்டத்தில் வயதானவர்களும் நிறையப் பேர்.

பதிவு 6: மருந்துப்பெட்டி

போகிறார்கள், உண்மை. பெரும்பாலானோருக்குத் தலைவலியோடு முடிந்துவிடும். கேள்வி அதுவல்ல, முடியாமல் போனால் எந்த வழியாக இறங்குவது என்பதுதான். பாங்காங்கிலிருந்து லே திரும்பும் நேர்வழி 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாய் வழியாகப் போகிறது. மூச்சு வாங்கும் ஆளை இறக்குவதாக நினைத்து இன்னும் 1,000 மீட்டர் ஏற்றுவீர்கள். கணவாய் ஏறாமல் இறங்கும் பாதை துர்புக், ஷியோக், ஆகம் வழியாக ஆற்றோரம் நுப்ராவுக்குப் போவது. ஜூலை, ஆகஸ்டில் பனி உருகி மதியத்துக்குமேல் ஓடைகள் அந்தச் சாலையை மூழ்கடிக்கும். இரவில் சும்மாவே கடினம். நுப்ராவிலும் இதே சிக்கல் உண்டு: அங்கிருந்து லே போக கர்துங் லா ஏற வேண்டும். அதனால் நுப்ராவில் உடம்பு படுத்தினால் முதலில் ஆக்சிஜன், பிறகு டிஸ்கிட் மருத்துவமனை. பதறிப்போய் லேக்கு வண்டியைத் திருப்பக்கூடாது.

மருந்து: உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு 125 மி.கி., காலை ஒன்று, மாலை ஒன்று. பயணத்துக்கு முந்தைய நாள் தொடங்கி, மேலே போய் 2 நாள் வரை. கடையில் 250 மி.கி. மாத்திரைதான் அதிகம் கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். விரல் நுனி மரமரக்கும், சோடா சப்பென்று இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். இவை எதிர்பார்த்தவை. அப்பாவின் பி.பி. மாத்திரை சிறுநீர் பெருக்கும் வகையாக இருந்தால், இரண்டும் சேர்ந்து பொட்டாசியத்தைக் குறைக்கும். சல்பா மருந்து ஒவ்வாமை யாருக்காவது இருந்தாலும் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு அளவு எடையைப் பொறுத்தது, நீங்களே கால் மாத்திரை உடைத்துக் கொடுக்காதீர்கள். மாத்திரைச் சீட்டோடு குடும்ப மருத்துவரைப் போய்ப் பாருங்கள். மேலே முதல் இரண்டு இரவும் மது, தூக்க மாத்திரை கூடாது.

ஒரு சோதனை மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். தரையில் ஒரு நேர்கோடு. குதிகால் நுனிவிரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்துப் பத்து அடி. தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இது பெரும்பாலும் இரண்டாவது இரவுக்குப் பிறகுதான் தலைகாட்டும், முதல் நாள் நன்றாக இருந்தார் என்பதில் அர்த்தமில்லை. இரண்டுமே "தூங்கி எழுந்தால் சரியாகும்" வகை இல்லை.

பதிவு 7: கரிசல்காடு

லாட்ஜில் "ஆக்சிஜன் வசதி உண்டு" என்று போட்டிருக்கிறார்கள். அது போதாதா?

பதிவு 8: மருந்துப்பெட்டி

அந்த வாக்கியத்துக்கு மூன்று அர்த்தம் இருக்கலாம்.

ஒன்று, ஸ்ப்ரே டப்பா. 10 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 5 நிமிடத்தில் காலி. மனசுக்கு ஆறுதல், உடம்புக்கு ஒன்றுமில்லை.

இரண்டு, கான்சென்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷினுக்கு 300 முதல் 350 வாட் மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். ஜெனரேட்டரை இரவு 11 மணிக்கு நிறுத்துகிற லாட்ஜில் 11.01க்கு அது ஒரு மேசை. இன்னொன்று, வீட்டு உபயோக மெஷின்கள் பலவற்றைத் தயாரிப்பாளரே சுமார் 3,000 மீட்டர் வரைதான் உத்தரவாதப்படுத்துகிறார். அதற்கு மேல் வெளிவரும் ஆக்சிஜனின் அடர்த்தி குறையலாம்.

மூன்று, சிலிண்டர். ஆஸ்பத்திரிகளில் பார்க்கும் பி வகை சிலிண்டர், 10 லிட்டர் கொள்ளளவு, முழு அழுத்தத்தில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் சொச்சம். ஒரு இரவைத் தாண்டிவிடலாம். இதுதான் வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன், சிலிண்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வால்வைத் திறக்கும் ஸ்பேனர் சாவி கூட இருக்கிறதா? ரெகுலேட்டர் பொருத்தியிருக்கிறதா? வால்வை மெல்லத் திறந்தால் ரெகுலேட்டரில் அழுத்தம் காட்டும் முள் 150 வாக்கில் நிற்க வேண்டும், 75 என்றால் பாதிதான் மிச்சம். பொருத்துமிடத்தில் "ஸ்ஸ்" என்று கேட்டால் வாஷர் போய்விட்டது. மூக்குக் குழாயின் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள், குமிழி வர வேண்டும். வெறும் 3 நிமிட வேலை. சிலிண்டர் நிறைந்திருந்தும் சாவி ஸ்டோர் ரூமில், ஸ்டோர் ரூம் பூட்டில், பூட்டின் சாவி ஊருக்குப் போன மேனேஜரிடம் என்பதுதான் மலையில் வழக்கமான கதை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லேயில் முதல் நாள் 85 முதல் 92 வரை காட்டுவது சாதாரணம், நம்மூர் 98ஐ எதிர்பார்த்துப் பயப்பட வேண்டாம். கை ஜில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும். நகப்பூச்சும் மருதாணியும் குழப்பும். 5 நிமிடம் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, பிறகு பாருங்கள்.

பதிவு 9: குழாய்க்காரன்

அறை விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர்களில் சொகுசு என்பது வெந்நீர், வெப்பம், இரவு மின்சாரம் மூன்றும்தான். பட்டுத் தலையணை எந்த ஊரிலும் கிடைக்கும்.

வெந்நீர் பெரும்பாலும் சூரிய ஹீட்டரில் வருகிறது. மாலை 5 மணிக்குக் கொதிக்கும், காலை 6 மணிக்குப் பச்சைத் தண்ணீர். ஆகவே குளியல் சாயங்காலம். கேட்க வேண்டிய கேள்வி "வெந்நீர் உண்டா" இல்லை, "காலை 7 மணிக்கு எதிலிருந்து வெந்நீர்" என்பது. பதில் "குளியலறைக்குள் கேஸ் கீசர்" என்று வந்தால் கவனம். காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, தலை சுற்றி விழுந்துதான் தெரியும். மேலே ஆக்சிஜன் குறைவு என்பதால் தீ சரியாக எரியாது, இந்த வாயு இன்னும் அதிகம் வரும். பர்னர் வெளிச்சுவரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாளியில் வெந்நீர் கொண்டுவரச் சொல்லுங்கள்.

புகாரி என்கிற தகரக் கணப்பு அழகாக இருக்கும். புகைக்குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, மூட்டில் புகை கசிகிறதா என்று பாருங்கள். தூங்கும் முன் அணைத்துவிட வேண்டும். கூடாரத்துக்குள் கேஸ் ஹீட்டரை இரவு முழுக்க எரியவிடவே கூடாது. உண்மையில் வேலை செய்வது ரப்பர் வெந்நீர்ப் பை: போர்வைக்குள் கால்மாட்டில் ஒன்று, தூங்குவதற்கு 15 நிமிடம் முன்பு. செப்டம்பர் தொடக்கத்தில் நுப்ராவில் இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். அதற்கு இது தாராளம்.

கூடாரமா, கட்டிடமா என்றால், பெற்றோருக்குக் கட்டிடம். உள்ளூர் பாணியில் வெயிலில் காய்ந்த மண்கல்லில் கட்டிய தடித்த சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடும். தெற்கு பார்த்த கண்ணாடி அறை கேளுங்கள். கூடாரம் மதியம் அடுப்பு, விடியற்காலை ஐஸ்பெட்டி. அதோடு மதியம் 2 மணிக்குமேல் பள்ளத்தாக்கில் காற்று எழும்பும். ஹுண்டர் மணல்மேட்டுப் பக்கம் கூடாரத் துணி பொழுது சாயும் வரை படபடவென்று அடிக்கும், ஜிப் இடுக்கில் மணல் புகும்.

தொட்டிக் குளியல் படம் போட்டு விற்கும் லாட்ஜ்கள் எனக்குப் பிடிப்பதில்லை. லேயில் ஆண்டு மழையே சுமார் 100 மி.மீ. பயிரும் மனிதனும் பனியோடைத் தண்ணீரில் வாழ்கிறார்கள். ஒரு தொட்டி நிரப்ப 150 லிட்டருக்குக் குறையாது, வாளியில் 20 லிட்டரில் குளித்து முடிக்கலாம். கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். "ஆற்றோரம் குழி தோண்டியிருக்கிறோம்" என்று சொல்லும் இடத்தைத் தவிர்க்கலாம்.

பதிவு 10: சேலத்துச் சைவம்

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. 3,100 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாங்காங்கில் சுமார் 86. திறந்த பாத்திரத்தில் சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும், பருப்பு வேகவே வேகாது. குக்கரில் வைக்கச் சொல்லுங்கள், நம்மூர் கணக்கைவிட இரண்டு விசில் கூடுதலாக. இட்லி, தோசை விளம்பரத்தை நம்ப வேண்டாம், குளிரில் மாவு பொங்காது. அங்கே எது நன்றாக இருக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள்: காய்கறி போட்ட நூடுல்ஸ் சூப்பான துக்பா, கோதுமை உருண்டை போட்ட ஸ்கியு, கம்பீர் ரொட்டி, ஆப்ரிகாட். முதல் இரண்டு நாள் அரை வயிறு, கஞ்சி மாதிரி இளக்கமாக. ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டுபோகலாம், ஆனால் பாக்கெட் பலூன் மாதிரி ஊதியிருக்கும். ஷாம்பு, தேங்காயெண்ணெய் பாட்டில்களை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடி, தனிப் பையில் போடுங்கள். இல்லையென்றால் பெட்டி முழுக்க எண்ணெய்க் குளியல்.

பதிவு 11: இரவுவானம்

நட்சத்திரம் பார்ப்பதாக இருந்தால் லாட்ஜ் தேதியைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பாருங்கள். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள். பௌர்ணமியில் "பால்வீதி காட்டுகிறோம்" என்று சொல்லும் லாட்ஜ் நிலாவைத்தான் காட்டும்.

ஏமாற்றம் தரும் இன்னொரு விஷயம்: பால்வீதியின் நடுப்பகுதி சென்னையில் தெற்கே 48 டிகிரி வரை உயரும். நுப்ரா வடக்கே 34 டிகிரி அட்சரேகையைத் தாண்டி இருப்பதால் அங்கே 26 டிகிரிதான். தெற்கே லடாக் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. அடிவாரத்தை ஒட்டிய லாட்ஜ் என்றால் பாதியை மலை விழுங்கிவிடும். பள்ளத்தாக்கு அகன்ற இடத்தில், தெற்கு திறந்திருக்கும் லாட்ஜாகக் கேளுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் இருட்டியவுடன் தென்மேற்கில் தெரியும், 10 மணி வாக்கில் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். எனவே இரவு உணவை 9.30க்கு மேல் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், தோட்ட விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

இருட்டின் உச்சம் தென்கிழக்கு லடாக்கில் உள்ள ஹன்லே கிராமம். 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியை இந்திய வானியற்பியல் மையம் பெங்களூரு அருகே ஹொசகோட்டையில் இருந்துகொண்டே இயக்குகிறது. கொடைக்கானல், காவலூர் நிலையங்களை நடத்தும் அதே மையம். ஆனால் கிராமமே சுமார் 4,300 மீட்டர், தங்குவது வீடுகளில், சொகுசு குறைவு. இந்த 6 இரவில் பெற்றோரோடு வேண்டாம்.

பதிவு 12: மெட்ராஸ் மேப்

சில்லறை விஷயங்கள், ஆனால் கழுத்தைப் பிடிப்பவை.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். குடும்பத்தில் இரண்டு பேராவது வெவ்வேறு நிறுவனத்தின் போஸ்ட்பெய்டு வைத்திருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கார்மின் மாதிரி செயற்கைக்கோள் கருவி கொண்டுவந்தால் வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள், இந்தியாவில் அனுமதியின்றி அது சட்டவிரோதம். எல்லைப் பகுதியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எல்லையோரப் பகுதிகளுக்குப் போக முன்பு தேவைப்பட்ட உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) இந்தியக் குடிமக்களுக்கு 2021இல் விலக்கப்பட்டது, ஆனால் சுற்றுச்சூழல் கட்டண ரசீதும் ஆதார் நகலும் கையில் வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அட்டைக்கும் தனி அனுமதி, பதிவுபெற்ற ஏஜென்ட் மூலம்.

வண்டி லாட்ஜ் கட்டணத்தில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். லேயில் டாக்சி சங்கக் கட்டணம்தான், தெருவில் பேரம் எடுபடாது. லாட்ஜ் ஊருக்கு 10 கி.மீ. வெளியே இருந்தால் வண்டியில்லாமல் அது அழகான சிறை. இரவு அவசரத்துக்கு வண்டியும் டிரைவரும் வளாகத்திலேயே தங்குகிறார்களா என்பது அதைவிட முக்கியம்.

திரும்பும் விமானம் காலையில். வெயில் ஏறினால் காற்று இன்னும் லேசாகி, விமானம் சுமக்கும் எடை குறையும், பிற்பகலில் காற்றும் வீசும். வானிலையால் ரத்தாவது சாதாரணம். டெல்லியிலிருந்து சென்னைக்கு அன்றே இணைப்பு விமானம் போடாமல் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

பதிவு 13: ஏரிப்பைத்தியம்

சரி, தோற்றேன். ஆனால் பாங்காங்குக்கு 9 இரவுத் திட்டம் போட்டால் போகலாம்தானே?

பதிவு 14: வடக்குவண்டி

போகலாம். ஆல்ச்சி 2, லே 2, நுப்ரா 2, பிறகு ஷியோக் வழியாக ஏரிக்கு முன்னால் உள்ள டாங்ட்ஸே கிராமத்துப் பக்கம் 1 இரவு, அது 4,000க்குக் கொஞ்சம் கீழே. அடுத்து ஏரிக்கரையில் ஒரே ஓர் இரவு, கடைசி இரவு லே. நுப்ராவிலிருந்து டாங்ட்ஸேக்குத் தாவல் 500 மீட்டரைத் தாண்டுகிறது, ஆனால் ஏழு நாள் பழகிய உடம்புக்கு அது வேறு விஷயம். ஓடைகளைக் கடக்க நுப்ராவிலிருந்து காலை 7 மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.

பதிவு 15: கரிசல்காடு

எல்லோருக்கும் நன்றி. பாங்காங்கை எடுத்துவிட்டேன். நுப்ரா லாட்ஜுக்கு எழுதிக் கேட்டேன். பதில்: ஜெனரேட்டர் மாலை 6 முதல் 11 வரை, பிறகு இன்வெர்ட்டரில் விளக்கு மட்டும். கீசர் வெளிச்சுவரில். பி வகை சிலிண்டர் ஒன்று, 12 அறைக்கும் சேர்த்து. டிரைவர் வளாகத்திலேயே தங்குவார். எடுத்துக்கொள்ளலாமா?

பதிவு 16: மருந்துப்பெட்டி

நேர்மையான பதில், அதுவே பாதி நம்பிக்கை. 12 அறைக்கு ஒரு சிலிண்டர் போதாது. லேயில் மருத்துவ ஆக்சிஜன் வாடகைக்குக் கிடைக்கும். நுப்ரா கிளம்பும் காலையில் ஒன்றை எடுத்து, வால்வுக்கு மூடி மாட்டி, வண்டியில் உருளாமல் கட்டி வையுங்கள். சாவியும் ரெகுலேட்டரும் சிலிண்டரோடு வேண்டாம், உங்கள் கைப்பையில் இருக்கட்டும். லாட்ஜுக்கு மறுபடி எழுதும்போது அப்பா அம்மாவுக்குத் தரைத்தள அறை கேளுங்கள். அந்த உயரத்தில் மாடிப்படி இருபது என்றால் நாற்பது மாதிரி.